ரிப்போட்டில 'எச்' எண்டு கிடந்தால்: எண்டோமெற்றியோசிஸ், நிர்ப்பீடனம், பிள்ளை தங்காத கவலை

போன மாசம் ஒருநாள் இரவு பத்தரைக்கு வட்ஸ்அப்பில ஒரு படம் வந்துது. லாப் ரிப்போட். சிஏ-125 எண்டு போட்டு பக்கத்தில 52, அதுக்கும் பக்கத்தில தடிச்ச எழுத்தில எச், அதாவது ஹை, கூட. அனுப்பினவ எனக்குத் தூரத்துச் சொந்தம், யாழ்ப்பாணத்தில கோண்டாவில் பக்கம், கலியாணம் கட்டி நாலு வருசம், பிள்ளை இன்னும் இல்லை, ஸ்கான் பாத்த இடத்தில வலது சூலகத்தில ஒரு கட்டி தெரியுது எண்டோமெற்றியோசிசா இருக்கலாம் எண்டு சொல்லி விட்டிருக்கினம். படத்துக்குக் கீழ ஒரே ஒரு வரி, "அக்கா இது கான்சரோ?" ரெண்டு நிமிசத்தால இன்னொண்டு, "இல்லாட்டி என்ர எதிர்ப்பு சக்தி பிழையோ, மேல இம்யூனோலொஜி எண்டு அடிச்சிருக்கு."

நான் டொக்டர் இல்லை. பதினெட்டு வருசம் லாப்பில நிண்டனான், ரத்தம் எடுக்கிறது, மெஷினில போடுறது, ரிப்போட் அடிக்கிறது, அவ்வளவுதான். அதால என்ன மருந்து எடுக்கிறது எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனால் அந்த நம்பர் எங்க இருந்து வருது, அது எதைச் சொல்லும் எதைச் சொல்லாது எண்டு தெரியும். அண்டைக்கு அவவோட ஃபோனில கதைச்சதையும் பிறகு இருந்து வாசிச்சதையும் சேத்துத்தான் இதை எழுதுறன், ஏனெண்டால் இதே கேள்வியோட வேறையும் மூண்டு நாலு பேர் வந்திட்டினம்.

முதல் அந்த இம்யூனோலொஜி எண்ட தலைப்பு. அது உங்கட நிர்ப்பீடனத்தை, அதுதான் எதிர்ப்பு சக்தியை, பற்றின கதையே இல்லை. ரத்தத்தில ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கிறதுக்கு மெஷின் பாவிக்கிற தூண்டில் பிறபொருளெதிரி, இங்கிலீசில அன்ரிபொடி, ஏ.எல்.லில பயோ படிச்ச ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும். தைரொயிட் ரெஸ்டும் அப்பிடித்தான், ப்ரொலக்டினும் அப்பிடித்தான், சூலகத்தில முட்டை எவ்வளவு மிச்சம் எண்டு காட்டுற ஏஎம்எச்சும் அப்பிடித்தான், ஃபார்மசியில வாங்கிற ப்ரெக்னன்சி ஸ்ட்ரிப் கூட அப்பிடித்தான். செய்யிற முறையின்ர பேரை ரிப்போட்டுக்கு மேல அடிக்கிறம், அதைப் பாத்திட்டு சனம் தன்ர உடம்பு தனக்கு எதிராப் போட்டுது எண்டு நினைக்குது. எங்கட பிழைதான், ஒருத்தரும் விளங்கப்படுத்துறேல்லை.

ரெண்டாவது, சிஏ-125. இது 1981இல ரொபர்ட் பாஸ்ட் எண்டவரின்ர குழு சூலகக் கான்சர் கலங்களுக்கு எதிரா எலியில ஒரு பிறபொருளெதிரியை உண்டாக்கினதால கண்டுபிடிபட்ட புரதம். 35 எண்ட எல்லை 1983இல வந்தது, சுகமான ஆக்களில நூற்றுக்கு ஒராள்தான் அதுக்கு மேல போகினம் எண்டு பாத்து வைச்ச கோடு. ஆனால் இந்தப் புரதம் கான்சருக்கு மட்டும் சொந்தமில்லை. கருப்பை, பலோப்பியன் குழாய், வயித்துக்குள்ள இருக்கிற மெல்லிய சவ்வு எல்லாத்தில இருந்தும் வரும், அதுகளில அழற்சி வந்தாலும் கூடும், ஃபைப்ரொயிட்டிலயும் கூடும், வயித்து டீபியிலயும் கூடும், கர்ப்பத்திலயும் கூடும், ஏன் பீரியட்ஸ் நேரத்திலயும் கூடும். நான் அவவைக் கேட்ட முதல் கேள்வியே அதுதான், "நீர் எத்தினையாம் நாள் ரத்தம் குடுத்தனீர்?" கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "ரெண்டாம் நாள் அக்கா, நோவில நிக்கேலாம நிக்கேலாமத்தான் போனனான்" எண்டா. ரெண்டாம் நாள் எடுத்த ரத்தத்தில 52 வந்ததுக்கு ஒரு குடும்பம் முழுக்க நித்திரையில்லாம இருந்திருக்கு. (அந்த எச் எழுத்தை ஆள் அடிக்கிறதில்லை, எல்லையைத் தாண்டினால் மெஷினே தானாப் போடும், அதுக்குப் பீரியட்ஸ் எண்டால் என்னெண்டு தெரியாது.)

சரி, அப்ப எண்டோமெற்றியோசிசுக்கும் நிர்ப்பீடனத்துக்கும் சம்பந்தமே இல்லையோ எண்டால், இருக்கு, நல்லாவே இருக்கு. அதுதான் சுவாரசியமான இடம்.

கருப்பையின்ர உள்பக்கத்தில ஒரு அகவணி இருக்கு, மாசா மாசம் வளந்து உதிருறது. அதை மாதிரியான இழையம் கருப்பைக்கு வெளியில, சூலகத்தில, குடலுக்குப் பக்கத்தில, கருப்பைக்குப் பின்னால ஒட்டி வளருறதுதான் இந்த வருத்தம். பிள்ளை பெறுற வயசில இருக்கிற பெண்களில பத்தில ஒராளுக்கு இருக்கெண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உலகம் முழுக்க 19 கோடி பேர் அளவில. வெளியில எப்பிடிப் போகுது எண்டதுக்கு 1927இல அமெரிக்காவில ஜோன் சாம்ப்சன் எண்ட டொக்டர் ஒரு விளக்கம் குடுத்தார். மாதவிடாய் ரத்தம் கீழ மட்டும் போறதில்லை, கொஞ்சம் குழாய் வழியாப் பின்னுக்கு ஏறி வயித்துக்குள்ளயும் சிந்துது, அதோட போற அகவணித் துண்டுகள் அங்க ஒட்டுது எண்டு. நல்ல விளக்கம்தான். ஆனால் 1984இல வந்த ஒரு ஆய்வில, குழாய் அடைபடாத பெண்களைப் பீரியட்ஸ் நேரத்தில பாத்தால் பத்தில ஒன்பது பேருக்கு வயித்துக்குள்ள ரத்தம் இருந்துது. அப்ப ஒன்பது பேருக்குச் சிந்துது, ஒராளுக்குத்தான் வருத்தம் வருது. மிச்சம் எட்டுப் பேருக்கு ஏன் வரேல்லை? நிர்ப்பீடனத்தைப் பற்றின தேடலுக்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம்.

எங்கட ஊரில வேலிக்குக் கிளுவங்கதியால் நடுறதை யோசியுங்கோ. மரத்தில இருந்து வெட்டின தடி, வேரில்லை ஒண்டுமில்லை, மழை தொடங்கேக்க குத்தி விட்டால் துளிர்க்குது. ஆனால் வெட்டி முத்தத்தில எறிஞ்ச தடியெல்லாம் முளைக்கிறேல்லை, காலமை எழும்பிக் கூட்டேக்க ஆரோ அள்ளிக்கொண்டு போய்க் குப்பையில போட்டிடுவினம். வயித்துக்குள்ள விழுற அகவணித் துண்டும் வெட்டின கதியால்தான், கூட்டி அள்ளுறவை வெண்குருதிக் கலங்கள். வருத்தம் வாற ஆக்களில இந்தக் கூட்டுற வேலை பிசகுதோ எண்டுதான் ஆராய்ச்சி செய்யிறவை நாப்பது வருசமாத் தேடினவை.

அதில அம்பிட்டதில ஒண்டு என்கே கலங்கள். இயற்கைக் கொல்லிக் கலம் எண்டு பேர், பிழையான இடத்தில நிக்கிற கலத்தைக் கண்டால் அழிக்கிறது. 1991இல பெல்ஜியத்தில செய்த ஆய்வில, எண்டோமெற்றியோசிஸ் உள்ள பெண்களின்ர என்கே கலங்கள் அகவணிக் கலங்களைக் கொல்லுற திறமையில குறைவா இருந்துது. எண்ணிக்கை குறைஞ்சது எண்டதில்லை, ஆள் நிக்குது வேலை செய்யேல்லை. பிறகு வந்த ஆய்வுகளில அந்தக் கலத்தின்ர மேற்பரப்பில "வேண்டாம், விடு" எண்டு சொல்லுற வாங்கிகள் கூடுதலா இருக்கெண்டு பாத்தினம்.

இதைவிடப் பெரிய கதை மக்ரோபேஜ், அதாவது பெருசாய் விழுங்கிற கலம். இந்த வருத்தம் உள்ள ஆக்களின்ர வயித்துக்குள்ள உறுப்புகளைச் சுத்தி இருக்கிற திரவத்தில மக்ரோபேஜ் குறையிறதில்லை, கூடுது. கூடின கூட்டம் என்ன செய்யுது எண்டதுதான் விசயம். விழுங்கிற வேலையை ஒழுங்காச் செய்யாமல் அங்க நிண்டுகொண்டு கனக்க செய்திப் பொருட்களைக் கக்குது, ஐஎல்-1, ஐஎல்-6, ஐஎல்-8, டிஎன்எஃப் அல்ஃபா, எம்சிபி-1 எண்டு ஒரு பட்டியல், நீங்கள் கூகிளில தேடினால் வாற மார்க்கர், அதாவது வருத்தத்துக்கு அடையாளமாப் பாக்கிற பொருள், எண்டதெல்லாம் பெரும்பாலும் இதுகள்தான். எம்சிபி-1 எண்டது இன்னும் மக்ரோபேஜைக் கூப்பிடுற சீட்டி. வந்ததுகள் வீஈஜிஎஃப் எண்ட பொருளை விடுது, அது புது ரத்தக்குழாயை வளக்குது, ரத்தக்குழாய் வந்தால் ஒட்டின துண்டுக்குச் சாப்பாடு. நரம்பு நுனிகளும் வளருது, அதுதான் நோ. கூட்டி அள்ள வந்த ஆள் கதியாலுக்குத் தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கிறார். இதால எனக்கு "எதிர்ப்பு சக்தி குறைவு" எண்ட சொல்லே பிடிக்கிறேல்லை, இது குறைவுமில்லை கூடவுமில்லை, ஒரு பக்கம் கொல்ல வேண்டியதைக் கொல்லாமல் இருக்கு, மற்றப் பக்கம் தேவையில்லாத நெருப்பு எரியுது.

இதுக்குள்ள ஹோர்மோனும் மாட்டுப்படுது. அழற்சி ப்ரொஸ்டகிளான்டின் எண்ட நோவை உண்டாக்கிற பொருளைக் கூட்டுது, ப்ரொஸ்டகிளான்டின் அந்த ஒட்டின இழையத்துக்குள்ளேயே அரோமடேஸ் எண்ட நொதியத்தை எழுப்புது, அது ஈஸ்ட்ரஜனைச் செய்யுது, ஈஸ்ட்ரஜன் திரும்ப ப்ரொஸ்டகிளான்டினைக் கூட்டுது, சுத்திச் சுத்தி வருது. ப்ரொஜெஸ்டரோன் வந்து இதை அடக்க வேணும், ஆனால் அந்த இழையம் ப்ரொஜெஸ்டரோன் சொல்லுறதைச் சரியாக் கேக்கிறதில்லை. இந்த வருத்தத்துக்குக் குடுக்கிற குளிசைகள் பெரும்பாலும் ஹோர்மோன் பக்கத்தால போறதுக்கு இதுதான் காரணம்.

டீ கலங்கள் எண்ட இன்னொரு வகை வெண்குருதிக் கலங்களைப் பற்றியும் கனக்க எழுதியிருக்கினம், ஒரு ஆய்வு ஒரு பக்கம் இழுக்க மற்றது மற்றப் பக்கம் இழுக்குது, விடுவம். தன்னுடலுக்கு எதிரான பிறபொருளெதிரியைப் பற்றி மட்டும் ஒரு சொல்லு. 1980இல தொடங்கி எண்பதுகள் முழுக்க, இந்தப் பெண்களின்ர ரத்தத்தில அகவணிக்கு எதிராயும் வேற பொருளுகளுக்கு எதிராயும் பிறபொருளெதிரி இருக்கெண்டு காட்டி, இது லூப்பஸ் மாதிரி ஒரு ஓட்டோஇம்யூன் வருத்தமோ எண்டு கேட்டினம். லூப்பஸில உடம்பு தன்ர இழையத்தையே அழிக்குது. இங்க அந்தத் துண்டு அழியாமல் நல்லா வளருது, நேரெதிர். ஆனபடியால் இண்டைக்கும் இதை அந்தக் கூட்டத்தில ஒருத்தரும் தீர்க்கமாச் சேர்க்கேல்லை.

இனிப் பிள்ளை. இந்த வருத்தம் உள்ள ஆக்களில மூண்டில ஒரு பங்கில இருந்து அரைவாசிப் பேர் வரைக்கும் கர்ப்பம் தரிக்கக் கஸ்டப்படுகினம் எண்டு கணக்கு. அதைத் திருப்பி வாசியுங்கோ, அரைவாசியாவது கஸ்டமில்லாமல் தரிக்கினம். எங்கட சனத்துக்கு இந்த ரெண்டாவது பாதி காதில விழாது, கட்டி எண்டு கேட்ட உடன "அவளுக்கு இனி இல்லை" எண்டு மாமி வீடு முடிவெடுத்திடும்.

கஸ்டம் ஏன் வருது எண்டால், வருத்தம் முத்தின ஆக்களில விளக்கம் லேசு, ஒட்டு விழுந்து குழாயும் சூலகமும் ஒண்டோடொண்டு பிணைஞ்சு முட்டை வெளிக்கிட்டாலும் குழாய்க்குள்ள போகேலாது. ஆனால் குழாய் திறந்திருக்கு, ஒட்டும் பெருசா இல்லை, அப்பிடிப்பட்ட ஆக்களுக்கும் மாசத்துக்கு மாசம் வாய்ப்புக் குறைவு, சாதாரணமா ஒரு சோடிக்கு ஒரு மாசத்தில நூற்றுக்கு 15 இல இருந்து 20 எண்டால் இவைக்கு 2 இல இருந்து 10 எண்டு சொல்லினம். அங்கதான் நான் மேல சொன்ன திரவம் வேலையைக் காட்டுது. முட்டையும் விந்தும் சந்திக்கிற இடம் அந்தத் திரவத்தில தோய்ஞ்சு கிடக்கிற இடம். ஐஎல்-6உம் டிஎன்எஃப்உம் கூடின இடத்தில விந்தின்ர ஓட்டம் மந்தமாகுது எண்டு லாப்பில பாத்திருக்கினம், மக்ரோபேஜ் விந்தையே விழுங்கிறதும் தெரிஞ்ச விசயம். சூலகத்தில கட்டி இருந்தால் பழைய ரத்தத்தின்ர இரும்பு பக்கத்தில இருக்கிற முட்டைகளுக்கு நல்லதில்லை. கடைசியா, ப்ரொஜெஸ்டரோன் சொல்லைக் கேக்காத அகவணியில முளையம், அதாவது கரு, வந்து ஒட்டுறதும் கஸ்டமாகலாம், ஆனால் இந்தக் கடைசி விசயத்தில ஆராய்ச்சி செய்யிறவைக்குள்ளேயே இழுபறி.

"அப்ப அந்த ஐஎல்-6ஐ எனக்கும் பாக்கலாமே அக்கா" எண்டா அவ. கேக்கிறது நியாயம்தான். சிக்கல் என்னெண்டால் அதெல்லாம் கூடுறது பெரும்பாலும் அந்த வயித்துத் திரவத்தில, நாங்கள் எடுக்கிறது கை நரம்பு ரத்தம். எங்கட ஊரில ஒரு வளவுக் கிணறு நல்ல தண்ணி, ரெண்டு வளவு தள்ளினால் சவர். சவர்க் கிணத்தை நல்ல கிணத்து வாளியில பாத்துச் சொல்லேலுமோ? ரத்தத்தில அந்தக் கலவரம் கரைஞ்சு போடும், மிஞ்சினதையும் போன கிழமை வந்த காய்ச்சல், பல்லு வீக்கம், உடம்புப் பருமன் எல்லாம் குழப்பும். அதோட ஆய்வுகளில எழுதியிருக்கிற "கூடுது" எண்ட சொல்லு ஒரு கூட்டத்தின்ர சராசரியை மற்றக் கூட்டத்தின்ர சராசரியோட ஒப்பிட்டுச் சொன்னது. ரெண்டு கூட்டத்தின்ர நம்பருகளும் ஒண்டுக்குமேல ஒண்டு கிடக்கும், தனி ஒராளின்ர நம்பரைப் பாத்து இவ இந்தப் பக்கம் எண்டு பிரிக்கேலாது. சராசரியா ஆம்பிளையள் பொம்பிளையளை விட உயரம்தான், அதுக்காக ஐந்தடி நாலு எண்டு மட்டும் சொன்னால் ஆணோ பெண்ணோ எண்டு சொல்லுவீங்களோ.

இதை ஆரும் கணக்குப் பாக்கேல்லையோ எண்டால் பாத்திருக்கினம். 2016இல கொக்ரேன் அமைப்பு 141 ஆய்வுகளைச் சேத்து, 15,000க்கு மேற்பட்ட பெண்கள், 122 ரத்த மார்க்கர், எல்லாத்தையும் சலிச்சது. ஒண்டுகூடத் தேறேல்லை, சிஏ-125 உட்பட. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, முளையவியல் சங்கமான எஷ்ரே 2022இல போட்ட வழிகாட்டியில நேராவே எழுதியிருக்கு, எண்டோமெற்றியோசிசைக் கண்டுபிடிக்க ரத்தத்திலயோ அகவணியிலயோ மார்க்கர் பாக்க வேண்டாம் எண்டு. அதே வழிகாட்டிதான் லப்ரஸ்கோபி, அதாவது வயித்துக்குள்ள கமெரா விட்டு, செய்து பாத்தால்தான் நிச்சயம் எண்ட பழைய சட்டத்தையும் தளர்த்தினது, கதையைக் கேட்டு, சோதிச்சு, ஸ்கான் எம்ஆர்ஐ பாத்து ட்ரீட்மெண்ட் தொடங்கலாம், அதில ஒண்டும் தெரியாமலோ மருந்து சரிவராமலோ போனால் கமெரா விடலாம்.

இவ்வளவும் தெரிஞ்சும் ரத்த என்கே ரெஸ்ட் எண்டு ஒண்டு விலைப்படுது. கொழும்பு போற ஆக்கள், இப்ப பலாலியில இருந்தே சென்னைக்கு ப்ளேன் எண்டதால அங்க போற ஆக்கள், கனபேர் ஃபைலுக்குள்ள இதைக் கொண்டு வருகினம். என்கே கூடிப்போச்சு, அதால முளையத்தை அது கொல்லுது, அதால இன்ட்ராலிப்பிட் ஏத்துவம், ஸ்டீரொயிட் குடுப்பம் எண்டு கதை போகும். கேக்க நல்லா இருக்கும், பேரிலயே கொல்லி எண்டு இருக்கே. ஆனால் ரத்தத்தில ஓடுற என்கேயும் கருப்பைக்குள்ள இருக்கிற என்கேயும் வேற வேற ஆக்கள். கருப்பைக்குள்ள இருக்கிறது கர்ப்பத்தின்ர தொடக்கத்தில தானாக் கூடும், கூட வேணும், அதுகள்தான் தாயின்ர ரத்தக்குழாயை விரிச்சு நஞ்சுக்கொடிக்கு ரத்தம் வர உதவுறது. கையில எடுத்த ரத்தம் அதைப் பற்றி ஒண்டும் சொல்லாது. இன்ட்ராலிப்பிட் எண்டது சோயா எண்ணெயும் முட்டை மஞ்சள் கொழுப்பும் கலந்த திரவம், வாயால சாப்பிடேலாத நோயாளிக்கு ஏத்துறது. பிரித்தானியாவில கருத்தரிப்பு நிலையங்களை மேற்பார்வை செய்யிற எச்எஃப்இஏ இப்பிடியான நிர்ப்பீடன ரெஸ்டுகளுக்கும் ட்ரீட்மெண்டுகளுக்கும் பல வருசமாச் சிவப்பு அடையாளம் போட்டு வைச்சது. தாலிக்கொடியை அடகு வைச்சு அதைச் செய்த ஒரு சோடியை எனக்குத் தெரியும், எந்த இடம் எண்டு சொல்ல வரேல்லை, ரசீது மட்டும் நாலு பக்கம்.

நிர்ப்பீடனத்தை நேரா அடிக்கிற மருந்தும் பாத்தவை. டிஎன்எஃப்ஐ அடக்கின பபூன் குரங்குகளில வருத்தம் குறைஞ்சுது, எல்லாரும் சந்தோசப்பட்டினம். அதே வழியில இன்ஃப்ளிக்ஸிமாப் எண்ட மருந்தை 21 பெண்களுக்குப் பாத்து 2008இல எழுதினவை, மருந்தில்லாத வெறும் திரவம் ஏத்தின ஆக்களோட ஒப்பிட நோவில ஒரு வித்தியாசமும் இல்லை. குரங்குக்குச் சரிவந்தது, மனிசருக்குச் சரிவரேல்லை.

மற்றது, இம்யூனிற்றி கூட்டுறம் எண்டு வாற பவுடர். கொரோனாவுக்குப் பிறகு இது ஒரு பெரிய வியாபாரம், அவவின்ர அம்மாவும் ஒரு டப்பா வாங்கி வைச்சிருந்தா. முருங்கையிலையும் உழுத்தங்களியும் தாராளமாச் சாப்பிடுங்கோ, சாப்பாடு நல்லது, ஆனால் தண்ணி ஊத்துற ஆளுக்கு இன்னொரு வாளி வாங்கிக் குடுக்கிறதால வேலி நிக்காது.

எனக்கு இதில கோவம் வாற இடம் வேற. அவவுக்குப் பதினாலு வயசில இருந்து நோ. பள்ளிக்கூடத்தில மூண்டு நாள் லீவு, ஓமத்தண்ணி, பனடோல், சுடுதண்ணிப் போத்தில், "எல்லாருக்கும் வாறதுதான், கலியாணம் கட்டினால் சரியாப் போம்". கட்டினாப் பிறகு "ஒரு பிள்ளை பிறந்தால் சரியாப் போம்". பிள்ளை வராததுக்கே அந்த வருத்தம் காரணமா இருக்கலாம் எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. பதினாலில தொடங்கி முப்பத்தொண்டில பேர் தெரியுது. ஆயிரம் மார்க்கர் தேடுறதை விட, பீரியட்ஸ் நோவில பள்ளிக்கூடம் போகாமல் நிக்கிற பிள்ளையை க்ளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறது பெரிய விசயம்.

அண்டைக்கு மிச்சக் கடதாசிகளையும் அனுப்பச் சொன்னன். பதினொரு ரிப்போட் வந்துது. சிஏ-125ஐ ஒதுக்கிப்போட்டுப் பாத்தால் உண்மையில உதவுற விசயம் வேற பக்கத்தில கிடந்தது, ஸ்கானில கட்டி 4.2 சென்ரிமீற்றர், ஏஎம்எச் அவவின்ர வயசுக்குக் கொஞ்சம் குறைவு. இது ரெண்டையும் சேத்துத்தான் கேள்வி கேக்க வேணும். கட்டியை வெட்டினால் அதோட சேந்து நல்ல முட்டையும் போகும், ஏஎம்எச் இன்னும் இறங்கும், அப்ப வெட்டுறதோ, இல்லை முதல் ஐவிஎஃப்ஓ? கனடாவில 1997இல வந்த பெரிய ஆய்வில, லேசான கட்டத்தில இருந்த ஆக்களுக்கு லப்ரஸ்கோபியில அந்தப் புள்ளிகளைச் சுட்டு விட்டதால 36 கிழமையில நூற்றுக்கு 31 பேர் அளவில கர்ப்பமானவை, சும்மா பாத்து மூடின ஆக்களில 18 பேர் அளவில. ஆனால் அவை லேசான கட்டம், இவவுக்குக் கட்டி. டயனோஜெஸ்ட் மாதிரிக் குளிசை நோவுக்கு நல்லது, எடுக்கிற காலத்தில பிள்ளை தங்காது, அதையும் ஆரோ எழுதிக் குடுத்திருந்தவை, "பிள்ளைக்குத்தானே குடிக்கிறன்" எண்டு ஆறு மாசம் குடிச்சிருக்கிறா.

பதினொரு ரிப்போட்டிலயும் அவவின்ர பேர்தான். "தம்பியின்ர எங்க?" எண்டு அவவின்ர மனுசனின்ர ரிப்போட்டைக் கேட்டன். முதல் விளங்கேல்லை. "அவருக்கு என்ன அக்கா, அவருக்கு ஒண்டும் இல்லையே" எண்டா. செய்து பாத்தனீங்களோ எண்டதுக்குக் கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு "மாமி விடமாட்டா" எண்டு சொன்னா. விந்துச் சோதனை இந்தப் பதினொண்டிலயும் மலிவானது, ஊசி குத்துறதும் இல்லை, ஒரு நாள் வேலை.

வாற செவ்வாய் அவவுக்கு க்ளினிக். ஸ்கானும் ஏஎம்எச்சும் மேல இருக்கிற மாதிரி ஃபைலை அடுக்கச் சொல்லியிருக்கிறன். போன கிழமை தம்பி தானே கோல் எடுத்து, சோதனைக்கு முதல் எத்தினை நாள் விட வேணும் எண்டு கேட்டார். ரெண்டில இருந்து ஏழு நாள் எண்டு சொன்னன்.